சரிவு எந்த ஆண்டில் தொடங்கியது

காப்பார்,
11 பிப்ரவரி 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சொன்னபடி போன் செய்யவில்லை, எழுதுகிறேன். நாம் பேசினால் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் தபால் போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. நம் கல்யாணத்துக்குத் தபால்காரர் செய்திருக்கும் உபகாரத்தை எந்தச் சாமியாரும் செய்யவில்லை.

சபாபதி மறுபடி கூப்பிட்டார். ஐந்து வருடத்துக்கு முன் நாம் பாதியில் விட்ட புத்தகத்தை இந்த ஆண்டு கடைசிக்குள் கிள்ளானில் வெளியிட்டே தீருவாராம். "சார், நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கிறது உங்க சொந்த விஷயம். சோழர்கள் என்ன பாவம் பண்ணாங்க? முடிச்சுக் குடுங்க லா" என்கிறார். என்ன பதில் சொல்வது? சரி என்றேன். நீயும் சரி என்றாய் என்று சொன்னார்.

பழைய ஏற்பாடுதான். ஒற்றைப்படை அத்தியாயம் எனக்கு, இரட்டைப்படை உனக்கு. நீ எட்டாவதில் கொப்பத்துப் போரை முடித்துவிட்டாய். ஒன்பதாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். தாய்வழியில் சோழனும் தந்தைவழியில் சாளுக்கியனுமான முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணைக்கு எப்படி வந்தான் என்ற கதை. எனக்குச் சந்தேகமே இல்லை, அது சூழ்ச்சிதான். அப்படியே எழுதியிருக்கிறேன். உன் பென்சிலைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த வம்சம் முன்பைவிடச் சிக்கலாகிவிட்டது. ஒருவன் இராஜகேசரி, அடுத்தவன் பரகேசரி, அதற்கடுத்தவன் மறுபடி இராஜகேசரி. கல்வெட்டில் பல இடங்களில் பட்டம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. எந்தப் பரகேசரியின் ஏழாம் ஆண்டு என்று யாரைக் கேட்பது? தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகனுக்கும் முடிசூட்டிவிடுகிறார்கள், இருவருடைய ஆண்டுக் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. முன்பெல்லாம் இது எனக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி சந்தோஷமாக இருந்தது. இப்போது கொஞ்சம் தலை சுற்றுகிறது. வயதுதான், வேறொன்றுமில்லை.

இங்கே நல்ல மழை. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் யூசுப் தினமும் வாசலில் ஹாரன் அடிக்கிறான். தங்கச்சி வீட்டைச் சுத்தமாகவே வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
சிரில்

---

பிரிக்பீல்ட்ஸ்,
20 பிப்ரவரி 2024

அன்புள்ள சிரிலுக்கு,

உங்கள் கடிதமும் அத்தியாயமும் கிடைத்தன. நன்றாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பென்சில் கோட்டைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள்.

அதிராஜேந்திரனை இரண்டாம் இராஜேந்திரனுடைய மகன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வீரராஜேந்திரனுடைய மகன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், ஆசிரியர் அறையில், நாம் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால். அவசரத்தில் கை தவறியிருக்கும். திருத்திவிட்டேன்.

குலோத்துங்கனைச் சூழ்ச்சிக்காரன் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? முந்தின அரசன் எப்படிச் செத்தான் என்பதே நமக்குத் தெளிவாகத் தெரியாது. "இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போன ஞாயிறு செரீனா ரவாங்கிலிருந்து ரயிலேறி வந்தாள். பூசை முடிந்து வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். தவக்காலம், அதனால் எனக்கு வெறும் காய்கறிதான். நம் முதல் எட்டு அத்தியாயங்களையும் அவளிடம் கொடுத்திருந்தேன். "மம்மி, யாரு யாரோட மகன்னே புரியல. இத்தன ராஜேந்திரன்ல எந்த ராஜேந்திரன் நல்லவன், அத மட்டும் சொல்லிடுங்க" என்கிறாள். நானூறு வருடத்தை இருநூற்றைம்பது பக்கத்தில் அடைக்கப் பார்க்கிறோம், அவள்மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆரம்பத்தில் ஒரு வம்ச மரம் போடலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். வீடு எப்படியிருந்தாலும் பரவாயில்லை, அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்கிறாள். நானும் கேட்கிறேன். பத்தாவதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கெர்ட்ரூட்

---

காப்பார்,
10 மார்ச் 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

நலம். நீ பல நாளாய்க் காத்திருந்த ஒன்பதாம் அத்தியாயம் இதோ வந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். குலோத்துங்கனைப் பற்றி எழுதுவது லேசான வேலையில்லை. அவனை எல்லோரும் சூழ்ச்சிக்காரன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் முதலாம் இராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். வேறு வாரிசில்லாத வீட்டுக்கு உரிமையோடு வந்தவன். அதைத்தான் எழுதியிருக்கிறேன். உனக்கும் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

யூசுப்போடு எனக்குச் சின்ன மனஸ்தாபம். கெம்போங் மீன் கேட்டால், "அங்கிள், இப்பதானே வாங்கினீங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறான். பாவம், வெயிலில் அலைந்து அலைந்து யாருக்கு விற்றோம் என்பதே அவனுக்குக் குழம்புகிறது. நானும் பெரிதுபடுத்தவில்லை.

செரீனாவை வெகுநாளாய்ப் பார்க்கவில்லை. அவளிடம் நம் பழைய அத்தியாயங்களைக் கொடுத்துப் பாரேன். சாதாரண வாசகர்களுக்குப் புரிகிறதா என்று தெரியும்.

அன்புடன்,
சிரில்

---

பிரிக்பீல்ட்ஸ்,
17 மார்ச் 2024

சிரில் சாருக்கு,

பழைய நாட்களில் கோபம் வந்தால் உங்களைச் சார் என்று கூப்பிடுவேன். இப்போதும் அப்படித்தான் வருகிறது.

ஒன்பதாம் அத்தியாயம் எனக்குப் போன மாதமே வந்துவிட்டது. நான் திருத்திப் பதிலும் போட்டேன். செரீனா படித்தாள் என்றும் எழுதியிருந்தேன். அதையெல்லாம் கண்ணிலேயே படாதது போல ஒதுக்கிவிட்டு, முழு அத்தியாயத்தையும் வேறு விதமாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என் திருத்தம் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இப்படி மௌனமாக மூக்கை அறுக்க வேண்டியதில்லை.

சரி, அதுகூடப் போகட்டும். முதல் பிரதியில் குலோத்துங்கன் சூழ்ச்சிக்காரன், இரண்டாவதில் உத்தமன். ஒரு மாதத்துக்குள் உங்கள் மனத்தை மாற்றிய ஆதாரம் எது? அடிக்குறிப்பில் ஒன்றையும் காணோம்.

அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. இரண்டாவது பிரதியின் கடைசிப் பக்கத்தில், குலோத்துங்கன் முடிசூடும்போது இராஜாதிராஜன் பக்கத்தில் நின்று வாழ்த்துகிறான். இராஜாதிராஜன் கொப்பத்தில் யானைமேல் இருந்தபடியே செத்தவன். கல்வெட்டே அவனை யானைமேல் துஞ்சின தேவர் என்கிறது. முந்தின அத்தியாயத்தில் அவன் சாவை நான் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். பதினாறு வருடம் கழித்து அவனை எங்கிருந்து கூட்டிவந்தீர்கள்?

படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த காப்பி ஆறிப்போகும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவன் எழுதியிருந்தால் படிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதினால் என்ன அர்த்தம்?

என்னைச் சீண்டுவதற்காகத்தானே செய்தீர்கள்? அப்படியென்றால் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். உடனே எழுதுங்கள்.

கெர்ட்ரூட்

---

காப்பார்,
27 மார்ச் 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். நீ உண்மையிலேயே வரிவரியாகப் படிக்கிறாயா என்று சோதித்தேன். பாஸ் செய்துவிட்டாய். இரண்டு பிரதிகளில் எது பிடித்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

பெரிய வாரத்தில் உனக்கு வேலை அதிகம் இருக்கும். இந்தப் பக்கம் வரும் எண்ணமிருந்தால் வேண்டாம். செரீனாவையும் அனுப்ப வேண்டாம். கூரையில் ஒழுகல், ஆள் வைத்துப் பார்க்கிறேன், வீடு கலைந்து கிடக்கிறது.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

சிரில்

---

பிரிக்பீல்ட்ஸ்,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள சிரிலுக்கு,

செரீனா நேற்று உங்களைப் பார்க்க வந்தது என் யோசனைதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கூரையில் ஒழுகல் இல்லை என்று சொன்னாள். வீடும் கலைந்து கிடக்கவில்லையாம். அடுப்படியில் மட்டும் அடிபிடித்துக் கருகிய பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே துணி போட்டு மூடியிருந்ததாம். நீங்கள் அவளைப் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கூட்டிப் போவதாகச் சொல்லிக் காரை எடுத்தீர்களாம். மின்நிலையத்துப் பாதையில் போய், திரும்பி, மறுபடி அதே பாதையில் போய், கடைசியில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்திவிட்டு, "இந்த ரோட்ட எப்ப மாத்துனாங்க?" என்று அவளைக் கேட்டீர்களாம். அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாளாம்.

வாசலில் யூசுப்பையும் பார்த்திருக்கிறாள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, அங்கிள் நல்ல மனுஷன் லா. ஆனா காலைல வாங்கின மீன மத்தியானம் திரும்பவும் கேக்குறாரு. நான் இல்லேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். வாங்கிட்டீங்கன்னு சொன்னா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது, பாக்க முடியல."

வீட்டுக்கு வந்ததும் செரீனா என் மடியில் தலையை வைத்து அழுதாள். முப்பத்தொரு வயதுப் பெண். நான் அழவில்லை, எனக்குப் பயம்தான் வந்தது. இன்னமும் இருக்கிறது. காலையில் பூ வாங்கப் போனவள் மோனோரயில் நிலையம்வரை நடந்துபோய், எதற்கு வந்தோம் என்று நின்றேன். எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான். உங்களுக்கு இது எத்தனை நாளாக, எவ்வளவு நேரம் நடக்கிறது?

சிரில், என்னிடம் மறைக்க வேண்டாம். டாக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதும்வரை நான் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

கெர்ட்டி

---

காப்பார்,
5 மே 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

டாக்டரைப் பார்த்தாயிற்று. இப்போது இல்லை, போன வருடம். தனியாகத்தான் போனேன்.

சின்ன வயசு மலாய்க்கார டாக்டர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கணக்கு எனக்கு எப்போதும் வராது, சோழ அரசர்களை வரிசையாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள். விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று ஆரம்பித்தேன். இராஜராஜன்வரை தண்ணீராய் ஓடியது. முதலாம் இராஜேந்திரனுக்குப் பிறகு யார் என்று தெரியவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லி முடித்தேன். அவளுக்கு என்ன தெரியும், கைதட்டினாள். அந்த அறையில் நான் தப்பாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து மறுபடி விஜயாலயனிலிருந்து சொல்லிப் பார்த்தேன்.

பிறகு படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், நோயின் பெயரைச் சொன்னார்கள். அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கே தெரியும்.

சபாபதி கூப்பிட்டதும் ஏன் சரி சொன்னேன் என்று இப்போது புரியும். இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தை என் தலைக்குள் இன்னொரு தடவை நிறுத்த முடிகிறதா என்று பார்க்க நினைத்தேன். தினமும் விடிந்ததும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் கடைசி இராஜேந்திரன்வரை போகிறேன், அன்றைக்கெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறேன். சில நாள் சுந்தர சோழனைத் தாண்ட முடிவதில்லை. அப்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கிறது. இவனிடம் இன்றைக்கு மீன் வாங்கிவிட்டேனா இல்லையா என்று கதவைத் திறக்காமல் யோசித்துக்கொண்டே நிற்பேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தை இரண்டு தடவை எழுதியது எனக்கு நினைவில்லை. நீ சொன்ன பிறகுகூட நினைவு வரவில்லை. சோதனை என்று சொன்னது பொய்.

என் அத்தியாயங்களையும் நீயே எழுதிவிடு. சபாபதியிடம் இப்போதைக்குச் சொல்லாதே. வராதே, கெர்ட்டி. கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

சிரில்

---

பிரிக்பீல்ட்ஸ்,
19 மே 2024

என் அன்புள்ள சிரிலுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோய், பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். இப்போது மனம் விட்டு எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படியுங்கள்.

இந்த நாட்களில் சோழர்களை மூடிவைத்துவிட்டு, நம் முப்பத்து மூன்று வருட வரலாற்றைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். 2017இல் உங்கள் மூக்குக்கண்ணாடியை நான் வேண்டுமென்றே எங்கேயோ எடுத்து வைக்கிறேன் என்று சண்டை போட்டீர்கள். பிறகு மேசை இழுப்பறைக்குப் பூட்டுப் போட்டீர்கள். அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பேக்கரிக்குப் போனவர் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தீர்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குத் தட்டை வீசினீர்கள்.

அப்புறம் 2019, கிள்ளானில் தமிழாசிரியர் கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். கடாரத்தை வென்று, அதை மறுபடி அந்த ஊர் அரசனுக்கே கொடுத்தவன் முதலாம் இராஜேந்திரன் என்று மேடையில் சொன்னீர்கள். அது வீரராஜேந்திரன், நாற்பது வருடம் பிந்தியவன். நான் எழுந்து திருத்தினேன். மேடையில் ஒருவரையொருவர் திருத்துவதில்லை, எதுவானாலும் திரும்பி வரும்போது காருக்குள்தான் என்பது நமக்குள் இருந்த வழக்கம். அன்றைக்கு நான் அதை மீறிவிட்டேன். ஃபெடரல் ஹைவே நெரிசலில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டே ஓட்டினீர்கள். அந்த மாதக் கடைசியில் பெட்டியோடு காப்பாருக்குப் போய்விட்டீர்கள்.

இத்தனை வருடமும் அதை நினைத்து நினைத்து உங்கள்மேல் எரிந்துகொண்டிருந்தேன். ஒரு திருத்தத்துக்காகப் பெண்டாட்டியை விட்டுப் போகிற மனிதர் உண்டா என்று செரீனாவிடமும் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. கண்ணாடி, பூட்டு, பேக்கரி, கடாரம், நீங்கள் போனது, எல்லாமே இந்த நோய்தான். 2017இலேயே தொடங்கிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. நீங்கள் என்னை விட்டுப் போகவில்லை, நோய்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. தப்பான ஆள்மேல் இவ்வளவு காலம் கோபமாக இருந்திருக்கிறேன்.

ஆகவே இனிமேல் கோபம் இல்லை, கணக்கு எல்லாம் தீர்ந்தது. நான் வருகிறேன். உங்களை இங்கே கூட்டி வருகிறேன். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்,
கெர்ட்டி

---

காப்பார்,
9 ஜூன் 2024

அன்புள்ள கெர்ட்டிக்கு,

காலை வேளையில்தான் எனக்குத் தெளிவு. ஆகவே இதைப் பல காலைகளாக எழுதுகிறேன். சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் அடித்துவிடு.

உன் கடிதத்தைப் படித்தேன். அன்பான கடிதம். ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியை எழுதக்கூடாத கடிதம்.

சோழர்களின் சரிவு எப்போது தொடங்கியது? இலங்கை கைவிட்டுப் போனபோது என்பார்கள் சிலர். மூன்றாம் இராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தபோது என்பார்கள் சிலர். முடிவு எங்கே என்று தெரிந்துவிட்டதால் எந்த ஆண்டைப் பார்த்தாலும் நமக்குச் சரிவாகத் தெரிகிறது. குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியபோது அன்றைக்குச் சந்தைக்குப் போனவன் ராஜ்யம் சரிகிறது என்றா நினைத்தான்? சாமான் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். பின்னால் வந்ததை வைத்து முன்னால் நடந்ததைப் படிக்காதே என்று வகுப்பு வகுப்பாய்ச் சொன்னவள் நீ. பிள்ளைகள் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்தவள் நீ. இப்போது என்னை மட்டும் அப்படிப் படிக்கிறாய்.

மூக்குக்கண்ணாடி விஷயம் நோயாக இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். பேக்கரி நோயே இல்லை. அன்று மத்தியானம் உன் அண்ணன் வீட்டு விருந்துக்குப் போகாமல் தப்பிக்க வழி தேடி, பாசாரில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. முழுப் புத்தியோடு செய்த காரியம் அது.

கிள்ளான் விஷயத்துக்கு வருகிறேன். தப்பாகச் சொன்னது என் மூளையாக இருக்கலாம். கோபப்பட்டது நான்தான். காருக்குள் சொல்லியிருக்கலாம், கெர்ட்டி. மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கலாம், நானே திருத்திச் சொல்லியிருப்பேன். என்னிடம் படித்தவர்கள் உட்கார்ந்திருந்த மண்டபம் அது. எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சார் கொஞ்சம் குழம்பிவிட்டார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை. மற்றதெல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது அது மட்டும் போகவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது நியாயம். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

இந்த நோய் என்னிடமிருந்து பெயர்களை எடுத்துக்கொள்கிறது, ரோடுகளை எடுத்துக்கொள்கிறது. நான் ஒன்றும் செய்ய முடியாது. நீயும் வந்து என் கோபத்தை எடுத்து அதனிடம் கொடுத்துவிட்டால், உன்னோடு வாழ்ந்த ஆள் என்று யார் மிச்சம்? பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். எனக்கு அறுபத்தெட்டு வயது, நான் யாருக்கும் பிள்ளையில்லை. என்மேல் கோபமே இல்லாத ஒருத்தி வந்து சோறூட்டுவதைவிட யூசுப் விட்டுப்போகிற மீன் போதும்.

ஆகவே வர வேண்டாம். அத்தியாயங்களை நன்றாக எழுது. என் பெயரைப் போடுவதானால் இரண்டாவதாகப் போடு.

சிரில்

---

பிரிக்பீல்ட்ஸ்,
16 ஜூன் 2024

அன்புள்ள சிரிலுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் அண்ணன் இன்றுவரை அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்கிறான். உடம்புக்கு முடியவில்லை என்று உங்களுக்காக நான் எத்தனை பொய் சொன்னேன் தெரியுமா? பாசாரில் காப்பி குடித்துக்கொண்டு இருந்தாராம்.

நீங்கள் சொன்னது சரி. நான் வரலாற்றை முடிவிலிருந்து படித்தேன். அப்படிப் படித்தால் எனக்குச் சுலபமாக இருந்தது. யார்மேலும் குற்றம் சொல்லாமல் உங்கள் அருகில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே இப்போது உள்ளபடி எழுதுகிறேன். மேடையில் உங்களைத் திருத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை அது வகுப்புக்குப் போயிருக்கும். துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. மறுபடி அந்த மண்டபத்தில் உட்காரவைத்தாலும் எழுந்திருப்பேன். சிரித்தது வேறு விஷயம். அதைப் பற்றி நேரில் பேசலாம். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அநியாயம். வாசலில் நின்ற என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, இனிமேலும் மன்னிக்கப் போவதில்லை.

மன்னிக்காமலேதான் வருகிறேன். சனிக்கிழமை செரீனா காரில் கொண்டுவந்து விடுகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தின் இரண்டு பிரதிகளையும் எடுத்து வருகிறேன். குலோத்துங்கனைப் பற்றி இரண்டு கட்சியும் வாசகனுக்குத் தெரியட்டும், இரண்டையும் சேர்த்து நாமிருவரும் ஒரு அத்தியாயமாக எழுதலாம். இராஜாதிராஜன் மட்டும் செத்தவனாகவே இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சபாபதியிடம் சொல்லிவிட்டேன். "சார் மெதுவா எழுதட்டும், நான் எங்க ஓடிறப் போறேன்" என்றார்.

நான் அங்கே வந்தபின் பானை கருகினால் கத்துவேன். நீங்களும் கத்தலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் மண்டபத்தை நீங்கள் மறந்துபோகும் நாள் வரும். நான் யாரென்று தெரிந்தாலும் என்மேல் ஏன் கோபம் என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அன்றைக்கு அந்தச் சண்டையை நான் ஜெயித்துவிடலாம், எதிரே ஆளிருக்காது. நான் அப்படிச் செய்யமாட்டேன். அன்றிலிருந்து உங்கள் கட்சியையும் நானே பேசுவேன். துண்டுச் சீட்டு, உங்களிடம் படித்தவர்கள், நான் கண்ணாடியைக் கழற்றியது, சிரித்தது, எதையும் குறைக்காமல் உங்கள் பக்கம் நின்று சொல்வேன்.

கெர்ட்ரூட்